பாவையின் சிரிப்பும் தலைவியின் பொய்யும்

கொல்லிமலையில் இரண்டு சிலைகளைப் பற்றிப் பேசுவார்கள். ஒன்று கண்ணால் பார்க்கக்கூடியது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. ஆடி மாதத்தில் அவனுக்கு அரசே விழா எடுக்கிறது. இன்னொரு சிலையைப் பற்றிக் கேட்கத்தான் முடியும். அது கொல்லிப்பாவை. முனிவர்களின் தவத்தைக் கெடுக்க வந்த அசுரர்களை அழிப்பதற்காகச் செய்து வைக்கப்பட்ட பெண் உரு என்பது கதை. ஆணின் வாடை பட்டதும் அது சிரிக்குமாம். அந்தச் சிரிப்பில் மயங்கி நெருங்குகிறவனைக் கொன்றுவிடுமாம். மலையிலுள்ள எட்டுக்கை அம்மனே அந்தப் பாவை என்று சொல்லிக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல் சொல்கிறது. அந்தக் கொலையில் ஏமாற்று ஏதும் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. அது வீரம், வரலாறு. மலையில் ஏமாற்று என்றால் பாவையின் சிரிப்புத்தான். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இருப்பதற்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தபோது நம்மவர்கள் ஒரு பெண்ணைச் செய்தார்கள்.

மனிதர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு பெண்ணின் முகத்தை விடையாக வைத்த இந்த மரபை, அந்த மரபின் பாடல்களைக் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பழைய பாடல்களில் பொய் சொல்கிறவர் யார்? யாரிடம் சொல்கிறார்? உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் பொய்யின் உளவியலைப் பற்றிப் பேச முடியாது என்று நினைக்கிறேன்.

பேசாத பாவை

முதலில் பாவையிடமிருந்தே தொடங்கலாம். குறுந்தொகையிலும் நற்றிணையிலும் கொல்லிப்பாவை வருகிறாள். குறுந்தொகை 89இல் பரணர் அவளைத் தெய்வம் மலையில் எழுதிய பாவை என்கிறார். நற்றிணை 192, பூதம் செய்து வைத்த பாவை என்கிறது. நற்றிணை 201இல் காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குலையாத பாவையாக அவள் நிற்கிறாள். குறுந்தொகை 100இல் கபிலர் ஓரியின் கொல்லிமலைப் பாவையைத் தலைவிக்கு உவமையாக்குகிறார்.

இந்த இடங்களில் அவள் யாரையும் சிரித்து மயக்கவில்லை. யாரையும் கொல்லவும் இல்லை. கொல்லிமலை அச்சம் தரும் மலை என்ற குறிப்பு உண்டு. அந்த அச்சம் மலைக்கும் தெய்வத்துக்கும் உரியது. பாவையோ அழகாக இருக்கிறாள், அசையாமல் இருக்கிறாள், எட்டாத இடத்தில் இருக்கிறாள். அவளைப் பற்றிப் பேசுகிறவன் பெரும்பாலும் தலைவன். அடைவதற்கு அரியவள் என்று தன் பெண்ணைப் பற்றிச் சொல்ல வரும்போது அவனுக்குப் பாவை நினைவுக்கு வருகிறாள். எட்டவில்லை என்ற அவனுடைய ஏக்கம் காலப்போக்கில், பின்னால் வந்த கதைகளில், அவள் ஏமாற்றுகிறாள் என்ற குற்றச்சாட்டாக மாறிப்போனது. ஆசைப்பட்டது அவன். பொய்க்காரி என்ற பெயர் வந்தது அவளுக்கு.

முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் இதற்குள் இருக்கிறது. 2006இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் இதுபற்றி அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சொல்கிறவர் பேசுவதைப் பார்த்தும் கேட்டும் பொய்யா உண்மையா என்று தீர்மானிப்பதில் மனிதர்கள் சராசரியாக 100க்கு 54 முறைதான் சரியாக இருக்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். ஆனாலும் "அவ மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

விக்கல்

பாவையை உவமையாக்கிய அதே கபிலர் பாடியதாகத்தான் குறிஞ்சிக்கலியைத் தொகுத்திருக்கிறார்கள். தமிழ் படித்த எவருக்கும் தெரிந்த பொய் ஒன்று அதில் இருக்கிறது. கலித்தொகை 51. தலைவி தன் தோழியிடம் சொல்கிறாள்: சின்ன வயதில் தெருவில் நாம் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைப்பானே, கூந்தலில் சூடிய மாலையை அறுப்பானே, நம் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுவானே, அவன் ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்டான். அம்மாவும் நானும் இருந்தோம். கொண்டுபோய்க் கொடு என்றாள் அம்மா. யாரென்று அறியாமல் போனேன். வளையல் அணிந்த என் கையைப் பிடித்து அழுத்தினான். நான் பதறிப்போய், அம்மா, இவன் செய்த காரியத்தைப் பார் என்று கத்திவிட்டேன். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டது என்று சொல்லிவிட்டேன். அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவனோ கடைக்கண்ணால் என்னைக் கொல்கிறவன்போலப் பார்த்துவிட்டுச் சிரித்தான், அந்தக் கள்வன் மகன்.

பாட்டின் கடைசியில் நடப்பதைக் கவனியுங்கள். பார்வையால் கொல்வதும் சிரிப்பதும் கொல்லிப்பாவைக்குப் பிற்காலம் ஏற்றிவைத்த குணங்கள். இங்கே இரண்டையும் செய்பவன் ஓர் ஆண். அவன் செய்தால் அது குறும்பு, காதலின் இனிமை. பாவை செய்தால் கொலை.

இந்தப் பாட்டைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். நாடகம்போல நடக்கும் பாட்டு என்பதால் மாணவிகளுக்குப் பிடிக்கும், சிரிப்பார்கள். உரைகளும் பாடநூல்களும் தலைவியின் சமயோசிதத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். அவளுக்கும் அவனைப் பிடித்திருக்கிறது, அதனால்தான் காப்பாற்றுகிறாள் என்பது வழக்கமான விளக்கம். அது தவறான விளக்கமும் அல்ல. தோழியிடம் அவள் இதைச் சொல்கிற தொனியில் ஆசை இருக்கிறது. ஆனால் அந்த அலறலிலும் உண்மை இருக்கிறது. அலறலுக்கும் அம்மா வாசலை எட்டுவதற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் அவள் ஒரு கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறாள்.

ஒருமுறை, மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருத்தி அந்தக் கணக்கைச் சட்டென்று சொல்லிவிட்டாள். "அவ உண்மையச் சொல்லியிருந்தா அவனுக்கு என்ன ஆயிருக்கும்னு எல்லாரும் பேசறாங்க மேடம். அவளுக்கு என்ன ஆயிருக்கும்?"

வகுப்பில் சிரிப்பு நின்றது. பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள். பேருந்தில் ஒருவன் தொல்லை கொடுத்தான் என்று வீட்டில் சொன்னால் அவனை யாரும் தேடிப் போகமாட்டார்கள். நாளையிலிருந்து நீ போக வேண்டாம் என்பார்கள். அதனால் சொல்வதில்லை. உடன் படிக்கும் பையனின் எண்ணைக் கைப்பேசியில் ஒரு பெண்ணின் பெயரில் பதிந்து வைத்திருப்பது, நூலகத்துக்குப் போனதை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்வது, மாதவிலக்கு நாளைச் சொல்லாமல் மறைத்துத் திருவிழாவுக்குப் போய்வருவது என்று பட்டியல் நீண்டது. இவற்றில் எதுவும் யாரையும் ஏமாற்றி எதையும் பறித்துக்கொள்வதற்காகச் சொன்ன பொய் அல்ல. படிப்பு, நடமாட்டம், ஒரு நட்பு என ஏற்கெனவே தங்களுக்கு இருக்க வேண்டியவற்றைக் கைநழுவாமல் வைத்துக்கொள்ளச் சொன்ன பொய்கள்.

குழந்தைகளை வைத்து விக்டோரியா டால்வர், காங் லீ இருவரும் நடத்திய ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் சின்னத் தவற்றுக்கும் அடி உண்டு. மற்றதில் அடி இல்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளைத் தனியே உட்காரவைத்து, பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு பள்ளிக் குழந்தைகளும் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். வேறுபாடு அதன் பிறகுதான். பார்த்தாயா என்று கேட்டபோது, அடிக்கும் பள்ளியின் குழந்தைகளே அதிகம் பொய் சொன்னார்கள். சொன்ன பொய்யைப் பிடிபடாமல் காப்பாற்றுவதிலும் அவர்களே தேர்ந்தவர்கள்.

பொய்யைத் தண்டிக்கும் இடமே பொய்யை நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது. நம் வீடுகளில் மகனும் மகளும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தாலும் இரண்டு வேறு பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். தாமதமாக வந்ததற்கு மகனுக்கு ஒரு திட்டு. அதே தாமதத்துக்கு மகளுக்கு ஒரு விசாரணை. பெண்கள் இயல்பிலேயே பொய்க்காரிகள் என்று சொல்கிறவர்கள் இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை.

ஏழில் கடைசி

தொல்காப்பியர் இதை அறிந்திருந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. களவில் இருக்கும் பெண்ணின் காதலை வீட்டுக்குத் தெரிவிப்பதற்கு அகத்திணையில் அறத்தொடு நிற்றல் என்று பெயர். பெரும்பாலும் தோழி செவிலியிடம் சொல்வாள். அதற்குப் பொருளியலில் ஏழு வழிகள் தரப்பட்டிருக்கின்றன. தலைவனை எளியவனாகக் காட்டுவது ஒன்று. அவனைப் புகழ்வது ஒன்று. ஏதீடு என்பது ஒரு காரணத்தை இட்டுச் சொல்வது: யானையிடமிருந்து காப்பாற்றினான், வெள்ளத்திலிருந்து தூக்கினான் என்பதுபோல. தற்செயலாகச் சந்தித்தார்கள் என்று சொல்வது இன்னொன்று. இப்படி ஆறு வழிகளையும் அடுக்கிவிட்டு ஏழாவதாக, கடைசியாக, உண்மையை உள்ளபடி சொல்வது வருகிறது.

இலக்கணம் எழுதியவர் ஒரு சமூகத்தின் நடைமுறையைப் பார்த்து எழுதினார் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சமூகத்தில் ஒரு பெண்ணின் விருப்பத்தை நேராகச் சொல்வது ஏழில் ஒரு வழிதான். மற்ற ஆறும் சுற்றுவழிகள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடிகள் முழுவதும், இப்படி ஒரு தோழி செவிலியிடம் பேசும் பேச்சு. யானை துரத்தியது, அவன் அம்பெய்து காத்தான் என்கிறாள். அது நடந்ததா, அவள் கட்டிச் சொன்னாளா என்பதைப் பாட்டு நமக்குச் சொல்வதில்லை. அவளுக்கு இவனைப் பிடித்திருக்கிறது என்ற ஒரு வரி உண்மையை வீட்டுக்குள் கொண்டுபோக ஒரு யானை தேவைப்பட்டது என்பதுதான் முக்கியம். பெண்ணின் ஆசைக்கு மதிப்பில்லாத இடத்தில் ஆணின் வீரத்துக்கு மதிப்பிருந்தது. தோழி அந்த மதிப்பைக் கடன் வாங்குகிறாள்.

இதை அறம் என்று அழைத்தது மரபு. அந்த அறத்துக்கு உரையாசிரியர்கள் சொன்ன பொருள் கற்பு என்பது. ஒரு பெண்ணுக்கு வாய்மை என்பது அவள் சொல்லில் இல்லை, அவள் உடலில் இருக்கிறது என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச் 1975இல், பெண்களின் மானத்தையும் பொய்யையும் பற்றி எழுதிய குறிப்புகளில் கிட்டத்தட்ட இதையே வேறொரு நிலத்திலிருந்து பார்த்தார். ஆணின் மானம் அவன் கொடுக்கும் வாக்கைச் சார்ந்தது. பெண்ணின் மானம் அவள் உடலைச் சார்ந்ததாகவே வைக்கப்பட்டது என்றார். சொல்லுக்கு விலையில்லாதவளிடம் போய் நீ ஏன் உண்மை சொல்லவில்லை என்று கேட்பதில் இருக்கும் அபத்தம் அவருக்கும் தெரிந்திருந்தது.

கபிலரைப் பொய் சொல்லாத நாவை உடையவர் என்று புறநானூறு 174 போற்றுகிறது. அப்படிப் போற்றியவர் மாறோக்கத்து நப்பசலையார், ஒரு பெண் புலவர். பெண்களின் பொய்களை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய ஒருவரைப் பொய்யாத நாவினர் என்று ஒரு பெண் சொல்வதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பொய்களுக்கு அடியில் இருந்த உண்மையை அவர் மறைக்கவில்லை.

சாட்சி இல்லாதவள்

அப்படியானால் ஆண்களின் பொய்? அதற்குத் தொல்காப்பியத்தில் ஒரு நூற்பாவே இருக்கிறது. பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் திருமணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்று கற்பியல் சொல்கிறது. கூடிவிட்டு இல்லையென்று மறைப்பது பொய். கூடியபின் கைவிடுவது வழு என்று உரைகள் விளக்கும். நம் மரபின் கணக்குப்படியே, கல்யாணம் என்ற அமைப்பு ஆண் சொன்ன பொய்யிலிருந்து பிறந்திருக்கிறது. பொய் சொன்னவனைக் கட்டுப்படுத்த வந்த சடங்கு, பொய்யால் பாதிக்கப்பட்டவளையே இறுக்கமாகக் கட்டிப்போட்டது என்பது பிற்காலக் கதை.

அந்தப் பொய்க்கு முன்னால் ஒரு பெண் எப்படி நின்றாள் என்பதற்குக் குறுந்தொகை 25 போதும். அதுவும் கபிலர். தலைவன் தன்னைக் கூடிய நாளில் அங்கே யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான். அவனே இல்லையென்றால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. ஓடும் நீரில் மீனுக்காகக் காத்திருந்த குருகு ஒன்றும் இருந்ததாம். அதுதான் சாட்சி. தன் பசியைத் தவிர வேறொன்றையும் பார்க்காத பறவை.

அகநானூறு 256இல் இதே வழக்கு அவைக்கு வருகிறது. கள்ளூரில் ஒருத்தியின் நலத்தை நுகர்ந்தவன், அவளை எனக்குத் தெரியாது என்று சூளுரைக்கிறான். அவையினர் சாட்சிகளை விசாரிக்கிறார்கள். அவன் சொன்னது பொய் என்று தெரிந்ததும் மரக்கிளையில் கட்டி வைத்து அவன் தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். சங்க இலக்கியத்தில் நான் படித்தவற்றில், ஆணின் பொய்க்கு ஊரறியத் தண்டனை கிடைக்கும் இடம் இது. கள்ளூர்ப் பெண்ணுக்குச் சாட்சிகள் இருந்தார்கள். குருகை மட்டும் வைத்திருந்தவளுக்கு அந்த நியாயம் இல்லை.

கண்ணகி அவையேறி உண்மை சொன்னாளே என்று கேட்கலாம். சொன்னாள். கணவன் வெட்டுப்பட்ட பிறகு, இழப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாதபோது சொன்னாள். அதற்குமுன், கோவலன் மாதவியிடம் இருந்த காலம் முழுவதும், மாமனாரும் மாமியாரும் வந்து பார்க்கும்போது அவள் தன் துயரத்தை மறைத்துச் சிரித்த முகம் காட்டினாள் என்பதும் அதே காப்பியத்தில் இருக்கிறது. அந்தச் சிரிப்புக்காக அவளை யாரும் பொய்க்காரி என்று பழித்ததில்லை. அது குடும்பத்துக்கு உதவியது.

ஒரு காணொளி

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். அதிகாரமுள்ளவன் பறித்துக்கொள்ளப் பொய் சொல்கிறான், அதிகாரமில்லாதவள் காத்துக்கொள்ளப் பொய் சொல்கிறாள் என்று ஒரு வாய்ப்பாடு கிடைக்கும். அந்த வாய்ப்பாடு போதாது என்பதை, கொல்லிமலை இருக்கும் அதே நாமக்கல் மாவட்டத்தில் நடந்த ஒரு கொலை எனக்குக் காட்டியது.

2015 ஜூன் 23 அன்று தலித் இளைஞரும் பொறியியல் பட்டதாரியுமான கோகுல்ராஜ், தன்னோடு படித்த, ஆதிக்க சாதியைச் சேர்ந்த பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவரைக் கடத்திச் சென்றார்கள். மறுநாள் பள்ளிப்பாளையம் அருகே ரயில் பாதையில் உடல் கிடந்தது. தற்கொலை செய்துகொள்வதாக அவரையே எழுதவைத்து, பேசவைத்துப் பதிவும் செய்திருந்தார்கள். ஒரு மனிதரைக் கொல்வதற்குமுன் அவர் வாயாலேயே ஒரு பொய்யைச் சொல்லவைத்தார்கள். அவர் ஏன் பொய் சொன்னார் என்று உளவியல் கேட்டால், கேள்வியே அருவருப்பாக இருக்கும்.

கோயிலில் உடனிருந்த பெண் முதலில் நடுவர் முன் வாக்குமூலம் தந்திருந்தார். பிறகு நீதிமன்றத்தில் பிறழ்சாட்சியானார். சாட்சிகள் பலர் பிறழ்ந்த நிலையில், கோகுல்ராஜின் தாயின் போராட்டத்தால் வழக்கு மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டின்போது, 2022 நவம்பரில், சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை மீண்டும் அழைத்துக் கோயிலின் கண்காணிப்புக் கேமரா காட்சியைப் போட்டுக் காட்டிக் கேட்டது. அதில் இருப்பது நான் இல்லை என்றார் அவர். நீதிமன்றம் தானாக முன்வந்து அவர்மீது அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கியது.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கலித்தொகைத் தலைவிதான் நினைவுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. இவருக்கு ஏழு ஆண்டுகள். தன் உருவத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே அது நான் இல்லை என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால், அந்த ஏழு ஆண்டுகளும் எப்படிப்பட்ட வீட்டிலும் தெருவிலும் கழிந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவரைப் பற்றி அன்று பேசப்பட்ட பேச்சில் பாவையின் கதை மறுபடியும் கேட்டது: அழைத்துப்போய்க் கொல்லக் கொடுத்தவள், மயக்கியவள். கொன்றவர்களின் பொய்யைவிட அவருடைய பொய்தான் பலருடைய வாயில் அதிகம் அடிபட்டது.

ஆனால் இன்னொரு பெண்ணும் அந்த வழக்கில் இருந்தார். மகனை இழந்த தாய். கலித்தொகையில் தலைவியின் பொய்யைக் கேட்டு அம்மா அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள், ஏமாந்தாள், அவ்வளவுதான். இங்கே பொய்யின் விலையை ஒரு தலித் தாய் கொடுக்க வேண்டியிருந்தது. கலித்தொகைத் தலைவியின் பொய் அவளுக்குப் பிடித்தவனைக் காத்தது. இந்தப் பொய் கொன்றவர்களைக் காக்கக்கூடியதாக இருந்தது. அச்சம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். அது விழுந்த இடம் ஒன்றல்ல. பெண் என்பதால் ஒடுக்கப்பட்டவள், சாதியால் இன்னொரு பெண்ணின் கழுத்தில் மிதிக்கும் இடத்தில் நிற்கவும் நேரும். பெண்ணின் பொய்க்குப் பின்னால் அச்சம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நாம் அங்கேயே நின்றுவிட்டால், அந்தத் தாயிடம் சொல்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இரண்டு கேள்விகள்

கொலைகாரன் வாசலில் வந்து நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் வாதாடியவர் இம்மானுவேல் காண்ட். திருவள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. வாய்மை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வரையறுத்துவிடுகிறார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று அடுத்த குறளில் சேர்க்கிறார். அவருடைய அளவுகோல் சொன்னவரின் தூய்மையைப் பற்றியது அல்ல, சொல் போய்ச் சேரும் இடத்தைப் பற்றியது. பெண்ணியம் இந்த அளவுகோலைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

பெல்லா டிபாலோவும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களும் மற்றவர்களும் தாங்கள் சொன்ன பொய்களை ஒரு வாரம் குறித்து வைத்தார்கள். மாணவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு பொய்கள், மற்றவர்கள் ஒன்று. பெண்கள் தங்களுக்குள் பேசும்போது சொன்ன பொய்களில், எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாது என்று சொன்னவை கூடுதலாக இருந்தன. நாம் ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருக்கத்தான் பார்க்கிறோம். ஆனால் ஏட்ரியன் ரிச் எச்சரித்தது இந்த இடத்தைத்தான். வெளியே பிழைப்பதற்காகப் பழகிய பொய், நாளடைவில் நமக்குள்ளும் வந்துவிடும். வீட்டுக்குச் சொன்னதைத் தோழியிடமும் சொல்லத் தொடங்குவோம். பிறகு நமக்கே சொல்லிக்கொள்வோம். எனக்கொன்றும் வலிக்கவில்லை என்று கண்ணகி முகம் காட்டிய அந்த ஆண்டுகளில் அவள் தனக்குள் என்ன சொல்லிக்கொண்டாள் என்பதை இளங்கோ எழுதவில்லை.

கலித்தொகை 51ஐ மறுபடி படிக்கும்போது எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது வேறொன்று. தலைவி அம்மாவிடம் பொய் சொன்னாள் என்பது நமக்கு எப்படித் தெரியும்? தோழியிடம் அவள் உண்மையைச் சொன்னதால். அந்தப் பாட்டு முழுவதும் ஓர் உண்மை வாக்குமூலம். கை பிடிக்கப்பட்டதும், பதறியதும், கத்தியதும், பொய் சொன்னதும், அவன் சிரித்ததும் ஒன்றுவிடாமல் அதில் இருக்கின்றன. தண்டிக்காத ஒரு காது கிடைத்ததும் அவளால் முழுதாகச் சொல்ல முடிந்திருக்கிறது. பொய் சொல்வது அவள் இயல்பாக இருந்திருந்தால் தோழியிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

திருச்செங்கோட்டு வழக்கில் சாட்சி சொல்ல வேண்டியிருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு காது இருந்ததா, உண்மை சொன்ன பிறகும் அவர் உயிரோடும் மானத்தோடும் இருக்கலாம் என்று நம்பிக்கை தரும் ஓர் ஏற்பாடு இருந்ததா என்பது அவரை மட்டும் நோக்கிக் கேட்கும் கேள்வி அல்ல. சாட்சிப் பாதுகாப்பு என்பது பெண்கள் இயக்கங்களின் கோரிக்கையாக இருக்க வேண்டியதற்குக் காரணம் இதுதான். பொய் சொன்னவர்மீது வழக்குப் போடுவது நீதிமன்றத்தின் வேலை. உண்மை சொல்வதற்கு ஆகும் விலையைக் குறைப்பது நம் எல்லோருடைய வேலை.

ஆகவே ஒரு பெண்ணின் பொய் நம் முன்னால் வரும்போது, பாட்டிலோ வகுப்பிலோ வழக்கிலோ, இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும் என்று என் மாணவிகளிடம் சொல்கிறேன். உண்மை சொல்லியிருந்தால் அவள் எதை இழந்திருப்பாள்? பொய் சொன்னதால் இழந்தது யார்? முதல் கேள்வியை மட்டும் கேட்டால் எல்லாப் பொய்யையும் மன்னித்துவிடுவோம். இரண்டாவதை மட்டும் கேட்டால் மறுபடியும் ஒரு பாவையைச் செய்து மலையில் நிறுத்திவிடுவோம்.

கோகுல்ராஜின் தாய்க்குக் கிடைத்த நீதி அந்தப் பெண்ணின் சொல்லிலிருந்து வரவில்லை. கோயிலின் கேமராவிலிருந்தும் பிற சான்றுகளிலிருந்தும், பின்வாங்க மறுத்த அந்தத் தாயிடமிருந்தும் வந்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் பெரும்பாலோரின் தண்டனையை உறுதிசெய்தது. குறுந்தொகைத் தலைவிக்குக் குருகு இருந்ததுபோல இங்கே ஒரு கேமரா. பார்த்ததைச் சொல்லத் தெரிந்த குருகு. ஒவ்வொரு பெண்ணுக்கும் அப்படி ஒன்று கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. சொல்லை நம்பிக் கேட்கும் ஆட்களாக நாம் இருக்க வேண்டியிருக்கிறது.